எந்த நாளிலிருந்து எண்ணுவது? – தொழில் கவனக்குறைவு வழக்குகளும் காலவரம்பும்

காலம் பொன் போன்றது என்று பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அது பழமொழி. கோர்ட்டில் அது சட்டம். குறித்த நாளுக்குள் வழக்குப் போடாதவருக்கு, அவர் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், கதவு திறக்காது. வக்கீல்கள் இதை "லிமிடேஷன்" என்பார்கள். தமிழில் காலவரம்பு எனலாம்.

கடன் கொடுத்தவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. பணம் எப்போது கொடுத்தார், எப்போது திரும்ப வர வேண்டும் என்பது அவருக்கே தெரியும். நோட்டைப் புரட்டி நாளை எண்ணிக்கொள்ளலாம். டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் போன்ற தொழில் தெரிந்தவர்களின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவரின் நிலைமை வேறு. தவறு நடந்ததே அவருக்குப் பல வருடம் தெரியாமல் இருக்கலாம். தெரிய வரும்போது காலவரம்பு முடிந்திருக்கலாம்.

சூரமங்கலத்தில் ஒரு பெண்

சேலம் ஜங்ஷன் இருக்கும் ஊர் சூரமங்கலம். சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றுக்கும் அந்தப் பெயர்தான். இங்கே ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடக்கிறது. ரத்தம் ஒற்றி எடுக்கும் துணி ஒன்றை உள்ளேயே விட்டுத் தையல் போட்டுவிடுகிறார்கள். அவருக்கு அடிக்கடி வயிற்று வலி வருகிறது. மாத்திரை போட்டுக்கொள்கிறார். ஒன்பது வருடம் கழித்து வேறொரு டாக்டர் வயிற்றைத் திறக்கும்போது துணி வெளியே வருகிறது.

இந்தப் பெண் கற்பனை. ஆனால் கிட்டத்தட்ட இப்படியே நடந்து, உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. அது கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது.

கேள்வி ஒன்றுதான். நஷ்ட ஈடு கேட்க சட்டம் இத்தனை வருடம் என்று தருகிறது. அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? துணி உள்ளே போன நாளிலிருந்தா, அது இருப்பது தெரிந்த நாளிலிருந்தா? முதல் விடை என்றால் அந்தப் பெண்ணுக்கு வழக்கே கிடையாது. இரண்டாவது விடை என்றால் உண்டு. இந்தப் பெண்ணை வெவ்வேறு காலகட்டங்களில் நிறுத்திப் பார்த்தால், சுமார் 200 வருடச் சட்ட வரலாறு எளிதாகப் புரியும்.

காலவரம்பு எதற்கு?

அதற்கு முன், காலவரம்பு அநியாயமான ஏற்பாடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு. வருடங்கள் போனால் சாட்சிகள் இறந்துபோவார்கள் அல்லது மறந்துபோவார்கள். காகிதங்கள் அழிந்துபோகும். 20 வருடத்துக்கு முன்பு ஒரு நாள் தான் செய்த ஆபரேஷனைப் பற்றி ஒரு டாக்டரிடம் கேட்டால், அவர் எதை வைத்துப் பதில் சொல்வார்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட நடத்தை விதிகள், உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அதற்குப் பிறகு தன் பக்கத்தை நிரூபிக்க அவரிடம் காகிதம்கூட இருக்காது. ஒருவர் தலைமேல் வாழ்நாள் முழுக்க வழக்கு என்ற கத்தியைத் தொங்கவிடுவதும் சரியில்லை.

ஆகவே ஒரு எல்லை வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லையை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சண்டை.

கம்பெனி காலம்: 12 வருடம்

மைசூர்ப் போருக்குப் பின் 1792-ல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. பத்து வருடம் கழித்து, 1802-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த இரண்டாம் ரெகுலேஷன், சிவில் வழக்குகளுக்கு 12 வருடம் என்று எல்லை வைத்தது. மைனராக இருந்தது போன்ற தக்க காரணம் காட்டினால் விலக்கும் உண்டு.

அதே சமயம் சென்னைப் பட்டணத்துக்குள் வேறு சட்டம். அங்கே 1801-ல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட், இங்கிலாந்தின் 1623-ஆம் வருடக் காலவரம்புச் சட்டத்தைப் பின்பற்றியது. அதில் பெரும்பாலான வழக்குகளுக்கு ஆறு வருடம்தான். ஒரே மாகாணத்தில் பட்டணத்துக்கு ஒரு கணக்கு, சேலத்துக்கு ஒரு கணக்கு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது 1859-ஆம் வருட 14-ஆம் சட்டம். பிரிட்டிஷ் இந்தியாவின் காலவரம்புகளை ஒன்றாகச் சேர்த்த முதல் சட்டம் இது. ஆனால் உடம்புக்கு ஏற்பட்ட காயத்துக்காக நஷ்ட ஈடு கேட்பவருக்கு இது நல்லதாக அமையவில்லை. உடல் காயம், அவதூறு, வேலைக்காரர் கூலி பாக்கி போன்றவற்றை ஒரே வகையில் போட்டு, ஒரு வருடம் என்று வைத்துவிட்டார்கள். 1871-லும் 1877-லும் புதிய சட்டங்கள் வந்தன. அவற்றின் தொடர்ச்சியாக 1908-ல் வந்த 9-ஆம் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

1908: சொத்துக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு ஒரு கணக்கு

1908-ஆம் வருடச் சட்டத்தின் பின்னால் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று கட்டம்: என்ன வழக்கு, எவ்வளவு காலம், எந்த நாளிலிருந்து. மூன்றாவது கட்டத்தைக் கவனித்துப் படித்தால் ஆச்சரியமான விஷயம் தெரியும்.

22-ஆவது இனம், உடம்புக்கு ஏற்பட்ட பிற காயங்கள். காலம் ஒரு வருடம். "காயம் இழைக்கப்பட்ட நாளிலிருந்து" எண்ண வேண்டும்.

36-ஆவது இனம், ஒப்பந்தம் சாராத பிற தவறுகள், செய்யத் தவறியவை. காலம் இரண்டு வருடம். தவறு "நடந்த நாளிலிருந்து" எண்ண வேண்டும்.

90-ஆவது இனம், தன் முகவரின் அசட்டைக்காகவோ ஒழுங்கீனத்துக்காகவோ முதலாளி போடும் வழக்கு. காலம் மூன்று வருடம். அந்த அசட்டை "வாதிக்குத் தெரிய வந்த நாளிலிருந்து" எண்ண வேண்டும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிலபுலன்களைக் காரியஸ்தரிடம் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் மிராசுதார் ஒருவர். காரியஸ்தர் அசட்டையாக இருந்து குத்தகைப் பாக்கியை வசூலிக்காமல் விட்டுவிட்டார். மிராசுதாருக்கு அது எப்போது தெரிய வருகிறதோ, அன்றிலிருந்துதான் அவருக்கு மூன்று வருடம் ஓடும். அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்த தவறு, ஆகவே தெரிந்த பிறகுதான் நாள் எண்ண வேண்டும் என்று சட்டம் புரிந்துகொண்டது.

இப்போது சூரமங்கலத்துப் பெண்ணை 1930-ல் நிறுத்திப் பார்க்கலாம். அவருடைய வயிற்றுக்குள் நடந்ததும் அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் நடந்தது. அதுவும் மயக்கத்தில் இருக்கும்போது. ஆனால் அவருக்குக் கிடைப்பது 22 அல்லது 36. ஒன்று அல்லது இரண்டு வருடம், அதுவும் துணி உள்ளே போன நாளிலிருந்து. ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போட்டால் மூன்று வருடம் கிடைக்கும். அதையும் மீறிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஒன்பதாவது வருடத்தில் அவருக்கு ஒரு வழியும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஒரு உதாரணம் தருகிறது. ஒரு நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்குச் சொந்தம், அடிநிலம் இன்னொருவருக்குச் சொந்தம். அடிநிலத்துக்காரர் நிலக்கரி தோண்டுகிறார். மேலே உடனே ஒன்றும் தெரியவில்லை. பிற்பாடு ஒரு நாள் நிலம் உள்ளே இறங்கிவிடுகிறது. காலவரம்பு தோண்டிய நாளிலிருந்து ஓடாது, நிலம் இறங்கிய நாளிலிருந்துதான் ஓடும் என்கிறது சட்டம். மேக்னசைட் வெட்டி எடுத்த பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இதன் நியாயம் சொல்லாமலே விளங்கும். உள்ளே தோண்டியது மேலே தெரிய நாளாகும். ஆனால் இந்தப் பிரிவு, குறிப்பிட்ட நஷ்டம் விளைந்தால் மட்டுமே வழக்காகக்கூடிய செயல்களுக்கு உரியது. உடம்பில் தவறு நடந்த அன்றே காயமும் ஏற்பட்டுவிட்டது என்ற வாதத்துக்கு முன்னால் அது நோயாளிக்கு எளிதில் கை கொடுக்காது.

ஆக, மறைந்திருக்கும் நஷ்டம் என்ற கருத்து 1908-ஆம் வருடச் சட்டத்துக்குத் தெரியாத ஒன்று இல்லை. நிலத்துக்குத் தெரிந்திருந்தது. முதலாளியின் பணத்துக்குத் தெரிந்திருந்தது. நோயாளியின் உடம்புக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. அந்தக் காலத்தில் கோர்ட் படி ஏறியவர்கள் பெரும்பாலும் சொத்து உள்ளவர்கள். சட்டம் எழுதியவர்கள் கண்முன் இருந்ததும் அவர்களுடைய வழக்குகள்தான்.

1963: இரண்டு நாடுகள், இரண்டு பாதைகள்

1963-ஆம் வருடம் இந்தக் கதையில் முக்கியமானது.

இங்கிலாந்தில் எஃகு வார்ப்படங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் தொழிலாளர்கள் சிலருக்கு, தூசியைச் சுவாசித்ததால் நுரையீரல் நோய் வந்தது. நோய் பல வருடம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வளர்ந்தது. தெரிந்த பிறகு வழக்குப் போட்டார்கள். கார்ட்லெட்ஜ் எதிர் ஜாப்லிங் என்ற அந்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. நுரையீரலில் பாதிப்பு ஏற்பட்டபோதே காலம் ஓட ஆரம்பித்துவிட்டது, தொழிலாளிக்குத் தெரியாது என்பது கணக்கில் வராது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. தொழிலாளர்கள் தோற்றார்கள். ஆனால் சட்டம் இப்படி இருப்பது நியாயமில்லை என்று நீதிபதிகளே வருத்தத்தோடு சொன்னார்கள். அதே வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே 1980-ஆம் வருடச் சட்டப்படி, உடல் காயத்துக்கு மூன்று வருடம். காயம் ஏற்பட்ட நாள், அது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். கட்டடம், கணக்கு போன்ற மற்றத் தொழில்களின் மறைந்த குறைகளுக்காக 1986-ல் தனிச் சட்டம் வந்தது. அதில் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம், ஆனால் எப்படியும் 15 வருடத்தைத் தாண்டக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கும் வழி, தொழில் செய்பவருக்கும் ஒரு முடிவு.

அதே 1963-ல் இந்தியாவிலும் புதிய காலவரம்புச் சட்டம் நிறைவேறியது. எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் 1956-ல் தந்த மூன்றாவது அறிக்கையை ஒட்டி எழுதப்பட்ட சட்டம் அது. 1964 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பட்டியலைச் சுருக்கியபோது 22, 36 ஆகிய இனங்கள் போய்விட்டன. பட்டியலில் இல்லாத வழக்குகளுக்கெல்லாம் 113-ஆவது இனம். அதன்படி மூன்று வருடம், "வழக்குப் போடும் உரிமை பிறந்த நாளிலிருந்து".

ஒரு வருடம் மூன்று வருடமானது நல்ல மாற்றம்தான். ஆனால் உரிமை எப்போது பிறக்கிறது என்று சட்டம் சொல்லவில்லை. இங்கிலாந்து அந்த வருடமே விடை எழுதிய கேள்விக்கு, இந்தியா இடத்தை வெற்றாக விட்டுவைத்தது. முதலாளி–முகவர் இனம் மட்டும் 4-ஆவது எண்ணுக்கு மாறி, "தெரிய வந்த நாளிலிருந்து" என்ற பழைய வாசகத்தோடு அப்படியே நீடித்தது. இன்றும் நீடிக்கிறது.

இலங்கையிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. அங்கே 1871-ஆம் வருட 22-ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, நட்டம், காயம், சேதம் ஆகியவற்றுக்கு வழக்கு மூலம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் என்கிறது.

நுகர்வோர் சட்டம் வந்த பிறகு

சிவில் கோர்ட்டில் டாக்டர் மேல் வழக்குப் போடுவது சாதாரணக் குடும்பத்துக்கு நடக்கிற காரியம் இல்லை. கோர்ட் கட்டணம், வக்கீல் செலவு, வருடக் கணக்கில் வாய்தா. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963 ஜூலையில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் வயிற்றில், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனின்போது துண்டு ஒன்று விடப்பட்டது. அந்த மாதமே அவர் இறந்துபோனார். அச்சுதராவ் கோத்வா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கில், குடும்பத்துக்கு 36,000 ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கடைசியாகச் சொன்னது 1996-ல். வழக்குப் போடச் சட்டம் தருவது ஒன்றிரண்டு வருடம், தீர்ப்புச் சொல்ல எடுத்துக்கொண்டது சுமார் முப்பது வருடம்.

இந்த நிலையில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் மன்றம். செலவு குறைவு. ஆனால் டாக்டரின் சிகிச்சை "சேவை"யா என்ற கேள்வி எழுந்தது. டாக்டர் நோயைக் கண்டறிந்து வைத்தியம் செய்வது இந்தச் சட்டத்தில் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் சொன்னது. அது நிலைத்திருந்தால் சேலத்துக்காரர் யாரும் டாக்டருக்கு எதிராக நுகர்வோர் மன்றத்துக்குப் போயிருக்க முடியாது. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் சேவைதான். எல்லோருக்கும் முழுக்க இலவசமாக வைத்தியம் தரும் மருத்துவமனைகள் மட்டும் இதில் வராது. அப்படிப்பட்ட இடத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பழையபடி சிவில் கோர்ட்தான்.

காலவரம்பு? 1986-ஆம் வருடச் சட்டத்தில் முதலில் அப்படி ஒரு பிரிவே இல்லை. 1993 ஜூன் 18 முதல் 24-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வியாஜ்ய மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருடப் புதிய சட்டத்தில் இதே ஏற்பாடு 69-ஆவது பிரிவாக இருக்கிறது. மன்றத்தின் பெயர் இப்போது ஆணையம்.

ஆனால் வியாஜ்ய மூலம் எழுவது எப்போது? இந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கோவாவைச் சேர்ந்த நர்ஸ்

24-ஏ பிரிவு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 1993 நவம்பரில் கோவா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஒரு பெண்ணுக்கு, மும்பையில் பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு அவருக்கு அடிக்கடி வயிற்று வலி. மாத்திரையிலேயே காலம் ஓடியது. 2002-ல் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அந்த வருடம் அக்டோபரில் மும்பையின் வேறொரு மருத்துவமனையில் மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே காஸ் துணி இருந்தது.

2004 அக்டோபரில், இரண்டாவது ஆபரேஷனிலிருந்து இரண்டு வருடம் முடியும் தறுவாயில், அவர் மகாராஷ்டிர மாநில ஆணையத்தில் புகார் கொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்று மாநில ஆணையம் தள்ளியது. இல்லை, விசாரியுங்கள் என்று தேசிய ஆணையம் திருப்பி அனுப்பியது. முதலில் ஆபரேஷன் செய்த டாக்டர் உச்ச நீதிமன்றம் போனார்.

2010 அக்டோபர் 20 அன்று நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, ஏ.கே. கங்குலி அமர்வு தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க வழக்குகள் பலவற்றை அது எடுத்துப் பார்த்தது. பென்சில்வேனியாவில் 1948-ல் வயிற்றில் விடப்பட்ட ஸ்பாஞ்ச் 1957-ல் தெரிய வந்த ஒரு வழக்கு உண்டு. தெரிந்த பிறகுதான் காலம் ஓடும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லியிருந்தது. இந்தக் கொள்கையை இந்திய உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கவனக்குறைவின் விளைவு உடனே வெளிப்படையாகத் தெரிந்தால் அன்றே வியாஜ்ய மூலம் எழுகிறது. விளைவு மறைந்திருந்தால், நோயாளிக்கு அது தெரிய வந்த நாளில், அல்லது நியாயமான அக்கறை எடுத்திருந்தால் தெரிய வந்திருக்கக்கூடிய நாளில் எழுகிறது.

1908-ல் மிராசுதாருக்குக் கிடைத்தது, 102 வருடம் கழித்து நோயாளிக்கும் கிடைத்தது.

ஆனால் அந்த நர்ஸ் ஜெயிக்கவில்லை. "அல்லது" என்ற வார்த்தைக்குப் பின்னால் வரும் பகுதிதான் அவரைத் தோற்கடித்தது. அவர் அனுபவமுள்ள நர்ஸ். ஆபரேஷனுக்குப் பிறகு வலி வந்துகொண்டே இருந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும், வேறு நிபுணரையாவது பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தது நியாயமான அக்கறை இல்லை என்றது நீதிமன்றம். புகார் தள்ளுபடி ஆனது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வழி திறந்த தீர்ப்பில், அந்த வழியைத் திறக்கக் காரணமானவரே உள்ளே போக முடியவில்லை.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பவர் வலியை அலட்சியப்படுத்தியிருக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். வலி தெரிவதும் வலியின் காரணம் தெரிவதும் ஒன்றா என்பது இன்னொரு பக்கம். ஆபரேஷன் ஆன உடம்பு வலிக்கத்தான் செய்யும் என்று நம் வீடுகளில் பெண்கள் பேசாமல் பொறுத்துக்கொள்வது ஊரறிந்த விஷயம். அந்தப் பொறுமை கோர்ட்டில் அக்கறையின்மை என்ற பெயரில் கணக்கு வைக்கப்படுகிறது.

சூரமங்கலத்துப் பெண் இன்று புகார் கொடுத்தால்? அவர் நர்ஸ் இல்லை. ஆகவே அவரிடம் எதிர்பார்க்கும் அக்கறையின் அளவு குறையலாம். ஒன்பது வருடத்தில் எந்த எந்த டாக்டரைப் பார்த்தார், என்ன சொன்னார்கள் என்று காகிதம் இருந்தால் அவருக்கு நல்ல வழக்கு. ஒன்றும் இல்லாவிட்டால் மும்பை வழக்கின் கதிதான் நேரலாம்.

வக்கீலே தவறு செய்தால்?

காலவரம்பைத் தவறவிடுவதே வக்கீல் செய்யக்கூடிய கவனக்குறைவுகளில் முதன்மையானது. வக்கீல் என்பதாலேயே கவனக்குறைவு வழக்கிலிருந்து ஒருவர் தப்ப முடியாது என்று 1926-ஆம் வருட வக்கீல் கட்டணச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த வழக்கை எங்கே போடுவது என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று முடிவு செய்தது. ஆகவே கட்சிக்காரர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். டாக்டர்களோ 2019-ஆம் வருடச் சட்டத்திலும் நுகர்வோர் ஆணையத்துக்கு உட்பட்டவர்களே என்பது 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. இரண்டும் தொழில்தான், ஆனால் கதவும் வேறு, காலமும் வேறு. டாக்டர் மேல் ஆணையத்தில் இரண்டு வருடம், வக்கீல் மேல் சிவில் கோர்ட்டில் மூன்று வருடம்.

தெரிந்திருக்க வேண்டிய சில

சிவில் வழக்குக்கும் நுகர்வோர் புகாருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தாமதத்தை மன்னிக்கும் 5-ஆவது பிரிவு அப்பீலுக்கும் மனுவுக்கும்தான் உதவும், புதிய வழக்குக்கு உதவாது. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு நாள் ஆனாலும் சிவில் வழக்கு போய்விடும். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் தள்ளுபடி செய்ய வேண்டியது கோர்ட்டின் கடமை என்கிறது 3-ஆவது பிரிவு. நுகர்வோர் ஆணையத்தில் மட்டும் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம்.

பாதிக்கப்பட்டது குழந்தையானால், சிவில் வழக்கில் 6-ஆவது பிரிவுப்படி அது மேஜரான பிறகு எண்ணிக்கை தொடங்கும். இறந்துபோனவருக்காக 1855-ஆம் வருட உயிரிழப்பு விபத்துச் சட்டத்தில் வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம். எதிராளி மோசடியாக உண்மையை மறைத்திருந்தால் 17-ஆவது பிரிவுப்படி, அது வெளிப்பட்ட பிறகுதான் காலம் ஓடும். ஆனால் டாக்டருக்கே துணி உள்ளே இருப்பது தெரியாவிட்டால் அது மறைத்தது ஆகாது.

கொரோனாவின்போது நாடு முழுவதும் காலவரம்பு நின்ற அபூர்வமும் நடந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லோருக்கும் பொதுவான கஷ்டம் வந்தபோது கடிகாரத்தை நிறுத்த முடிந்தது.

முடிவாக

பன்னிரண்டு வருடம் ஒரு வருடமானது, ஒன்று மூன்றானது, ஆணையத்தில் இரண்டானது. வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த எண்களைத்தான் முதலில் கவனிப்பார்கள். ஆனால் உண்மையில் மனிதர்களின் தலைவிதியைத் தீர்மானித்தது எண் இல்லை, எண்ணத் தொடங்கும் நாள். பத்து வருடம் கொடுத்தாலும் தெரியாத நாளிலிருந்து எண்ணினால் பதினோராவது வருடம் துணி கண்டவருக்குப் பயனில்லை. இரண்டே வருடம் கொடுத்தாலும் தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் போதும்.

இந்த விடையை இந்தியாவில் இன்னும் பாராளுமன்றம் எழுதவில்லை. ஒரு தீர்ப்புதான் எழுதியிருக்கிறது, அதுவும் "நியாயமான அக்கறை" என்ற நிபந்தனையோடு. இங்கிலாந்தைப் போலத் தெரிந்த நாளையும் வெளி எல்லையையும் சட்டத்திலேயே எழுதிவிட்டால் நோயாளிக்கும் நல்லது, டாக்டருக்கும் நல்லது.

அதுவரை பாதுகாப்பு காகிதத்தில்தான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்த வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002-ஆம் வருட விதி இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வலி நிற்காவிட்டால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவதோடு நிறுத்தாமல், டாக்டரிடம் போய் அதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். உடம்புக்கும் அதுதான் நல்லது. ஒரு நாள் கோர்ட் "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால், அந்தச் சீட்டுகள்தான் பதில் சொல்லும்.